சுவிட்சைத் தட்டினால் விலகும் மாசு

திண்டுக்கல்லிலிருந்து சிறுமலைக்கு ஏறும் சாலையில் 18 கொண்டை ஊசி வளைவுகள். பொழுது சாயும் நேரத்தில் மேல் வளைவு ஒன்றில் நின்று திரும்பிப் பார்த்தால் கீழே ஊர் முழுக்க விளக்குப் புள்ளிகள். அது பஸ் ஸ்டாண்டு, அது நத்தம் ரோடு, அது பைபாஸ், தள்ளித் தெரியும் அந்த வெளிச்சம் ஏதோ ஒரு நூல்மில் என்று உள்ளூர்க்காரர்கள் விரல் நீட்டிச் சொல்லிக்கொண்டே போவார்கள். பார்க்க அழகுதான். ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். தெருவில் நடப்பவருக்காகப் போட்ட விளக்கு, மலைமேல் நிற்கிறவரின் கண்ணில் ஏன் வந்து விழுகிறது?

தன் வேலையை மட்டும் பார்க்கிற விளக்காக இருந்தால், மேலே நிற்பவருக்கு வெளிச்சம் பட்ட சாலை மங்கலாகத் தெரியலாம். பல்பு தெரியக் கூடாது. பல்பே கண்ணைக் கூசுகிறது என்றால், அதன் ஒளியில் ஒரு பங்கு தரைக்கு இறங்காமல் பக்கவாட்டில் கிளம்பிவிட்டது என்று பொருள். வீட்டு வாசலில் பார்த்தாலே இது புரியும். சுவரில் ஹோல்டர், அதில் தெருவைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும் 9 வாட்ஸ் பல்பு, மேலே மறைப்பு எதுவும் இல்லை. அதன் ஒளியில் சரிபாதி கீழே, சரிபாதி மேலே. கட்டணம் மட்டும் முழுதுக்கும்.

நேர் மேலே போகிற ஒளியைவிடக் கிட்டத்தட்ட கிடையாகப் போகிற ஒளிதான் வானத்தை அதிகம் கெடுக்கிறது. செங்குத்தாகக் கிளம்பிய ஒளி பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் அடர்ந்த காற்றைக் கடந்து விண்வெளிக்குப் போய்விடும். தரையை ஒட்டிச் சாய்வாகப் போகும் ஒளியோ தூசியும் ஈரமும் நிறைந்த கீழ்க்காற்றில் நூறு கிலோமீட்டருக்கு மேல் ஊடுருவ வேண்டும். வழியெல்லாம் காற்று மூலக்கூறுகளும் தூசித் துகள்களும் அதைச் சிதறடிக்கின்றன. சிதறியதில் ஒரு பங்கு மறுபடி கீழே வருகிறது. இரவில் வேடசந்தூர்ப் பக்கமிருந்து வரும்போது, ஊர் தெரிவதற்கு வெகு முன்பே அடிவானத்தில் வெளிறிய கூடாரம் ஒன்று கவிந்திருப்பதைக் காணலாம். கீழே ஊர் இருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

அந்தக் கூடாரத்தின் நிறம் நம் காலத்திலேயே மாறிவிட்டது. முன்பு தெருவிளக்கு என்றால் சோடியம் விளக்கு, மஞ்சள் வெளிச்சம். 2015 ஜனவரி 5 அன்று மத்திய அரசு எல்.இ.டி. தெருவிளக்குத் திட்டத்தைத் தொடங்கிய பிறகு நாடெங்கும் வெள்ளை வெளிச்சம் பரவியது. மின்சாரம் மிச்சமானது உண்மை. நீல எல்.இ.டி.யைக் கண்டுபிடித்த மூன்று அறிவியலாளர்களுக்கு 2014ல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்ததும் நியாயமே. ஆனால் வெள்ளை எல்.இ.டி.யின் உள்ளே இருப்பது ஒரு நீலச் சில்லுதான். அதன் மேல் பூசிய மஞ்சள் பூச்சு அந்த நீலத்தில் ஒரு பகுதியை மற்ற நிறங்களாக மாற்றித் தருகிறது. மிச்சமிருக்கும் நீலம் அப்படியே வெளியே வருகிறது. பகல் வானம் ஏன் நீலமாக இருக்கிறதோ அதே காரணத்தால் இந்த நீலமும் காற்றில் அதிகம் சிதறும். 450 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளி, 590 நானோமீட்டர் அளவிலுள்ள சோடியம் மஞ்சளைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு சிதறுகிறது. எல்.இ.டி. என்ற கருவியில் குற்றமில்லை. எந்த நிறத்தில் வாங்கினோம், எந்தப் பக்கம் திருப்பி மாட்டினோம் என்பதில்தான் பிழை.

திண்டுக்கல்காரர்களுக்கு மாசு என்றதும் தோல் பதனிடும் ஆலைகள்தான் நினைவுக்கு வரும். அந்தக் கழிவிலிருந்து மண்ணுக்குள் இறங்கிய உப்பும் குரோமியமும் கிணற்று நீரைக் கெடுத்துவிட்டன. கழிவை இன்றே முற்றிலும் நிறுத்தினாலும் நிலத்தடி நீர் தெளியப் பல ஆண்டுகள் ஆகும். ஒளி மாசு அந்த வகையில் வேறு சாதி. விண்மீனின் ஒளி இன்றும் குறையாமல் திண்டுக்கல் தெருவில் வந்து இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. பின்னால் இருக்கும் வானம் வெளுத்துப்போனதால் அதை நம் கண் பிரித்தறிய முடிவதில்லை, அவ்வளவுதான். ஊர் விளக்குகளை அணைத்தால் ஒரு விநாடிக்குள் காற்றில் சிதறிய ஒளி அத்தனையும் போய்விடும். எச்சம் இல்லை, வண்டல் இல்லை. மனிதன் உண்டாக்கிய மாசுகளில் இவ்வளவு எளிதாக விலகக்கூடியது வேறொன்று எனக்குத் தெரிந்து கிடையாது. அதனால்தான் இதைச் சகித்துக்கொண்டிருப்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

வானம் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று அளக்கக் கருவி வேண்டுமா? திண்டுக்கல் மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு கருவி பரம்பரையாகவே கையில் இருக்கிறது. பழனி முருகனைப் பாலூட்டி வளர்த்த கார்த்திகைப் பெண்கள் ஆறு பேர். அந்த ஆறு பேரும் வானத்தில் ஒரு சிறு கொத்தாக நிற்கிறார்கள். அது ஒரே முகிலிலிருந்து பிறந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட இளம் விண்மீன்களின் கூட்டம். நம்மிடமிருந்து சுமார் 440 ஒளியாண்டுத் தொலைவு. இன்று நம் கண்ணில் படும் அதன் ஒளி, 1605ல் முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் திண்டுக்கல் மலைக்கோட்டையைக் கட்டுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு கிளம்பியது.

விண்மீன்களின் பிரகாசத்தைப் பொலிவெண் என்ற கணக்கில் சொல்கிறார்கள். எண் கூடக் கூட மங்கல். கார்த்திகைக் கூட்டத்தில் மிகப் பிரகாசமான ஆல்சியோனின் பொலிவெண் 2.9. அடுத்து அட்லஸ் 3.6, எலக்ட்ரா 3.7, மாயா 3.9. ஐந்தாவதான மெரோப் 4.2, ஆறாவதான டேகெட்டா 4.3. ஏழாவது விண்மீன் சட்டென்று 5.1க்கு இறங்கிவிடுகிறது. நம் முன்னோர் ஆறு என்று நிறுத்திக்கொண்டதற்கு இந்த இடைவெளி ஒரு காரணமாக இருக்கலாம். நமக்கு இப்போது இது அளவுகோல். ஆறு பேரும் தெரிந்தால் உங்கள் வானம் பொலிவெண் 4.3 வரை காட்டுகிறது. நான்கு பேரோடு நின்றுவிட்டால் 4 வரைதான். கொத்து ஒரு கலங்கிய திட்டாக மட்டும் தெரிந்தால் அதைவிட மோசம். மாசற்ற இருட்டில் 6.5 வரை தெரிய வேண்டும்; அப்போது ஒரே நேரத்தில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களைக் காணலாம். பொலிவெண் 4 என்றால் இருநூற்றுச் சொச்சம்.

தை மாதம் இரவு 7, 8 மணிக்கு இந்தக் கூட்டம் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல் நிற்கும். நிலா இல்லாத நாளாகப் பாருங்கள். தைப்பூசத்தன்று முழுநிலா, எண்ண முடியாது. மொட்டை மாடியில், தெருவிளக்கு நேராகக் கண்ணில் படாத மூலையில், கைபேசியை உள்ளே வைத்துவிட்டு இருபது நிமிடம் இருக்க வேண்டும். இருட்டில் வேலை செய்யும் விழித்திரைச் செல்கள் தம் நிறமியைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள அவ்வளவு நேரம் பிடிக்கும். கைபேசித் திரையை ஒருமுறை பார்த்தாலும் சேர்ந்தது கரைந்துவிடும்.

இந்த மாதிரி எண்ணிப் பார்த்தவர்களின் கணக்கு உலக அளவில் ஒரு ஆராய்ச்சியாகவே வந்திருக்கிறது. 2011 முதல் 2022 வரை உலகெங்கும் பொதுமக்கள் வெறுங்கண்ணால் பார்த்துப் பதிவு செய்த ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட குறிப்புகளை ஆராய்ந்து 2023ல் ஓர் ஆய்வு வெளியானது. வானத்தின் வெளிச்சம் ஆண்டுக்கு 9.6 சதவீதம் கூடுகிறது என்பது அதன் முடிவு. எட்டு ஆண்டுகளுக்குள் இரட்டிப்பு. 250 விண்மீன்கள் தெரியும் ஊரில் பிறக்கும் குழந்தை 18 வயதாகும்போது அங்கே 100 விண்மீன்களைத்தான் காணும்.

பொலிவெண் கணக்கோடு தமிழ்நாட்டுக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையே பிரகாசம் 2.512 மடங்கு மாற வேண்டும் என்று 1856ல் வரையறுத்தவர் நார்மன் போக்சன். 1861 முதல் 1891 வரை அவர் சென்னை நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில் அரசு வானியலாளராக இருந்தார். அவரிடம் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867ல் ஆர் ரெட்டிகுலி என்ற மாறொளி விண்மீனை அங்கிருந்து கண்டுபிடித்தார். பின்னர் வானாய்வுப் பணி 1899ல் நம் கொடைக்கானல் மலைக்கு ஏறி, சூரியனை ஆராயத் தொடங்கியது. இரவு வானத்துக்காக வானியலாளர் வைணு பாப்பு 1960களில் ஜவ்வாது மலையின் காவலூரைத் தேர்ந்தெடுத்தார்.

காவலூரைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு முக்கியக் காரணம், அது நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் தென்வானமும் தெரியும் என்பது. திண்டுக்கல் அதைவிடத் தெற்கே, 10.4 பாகை அட்சரேகையில் இருக்கிறது. இங்கிருந்து வடக்கே துருவ விண்மீனையும் பார்க்கலாம், தெற்கே தென்சிலுவையையும் பார்க்கலாம். லண்டன்காரருக்குத் தென்சிலுவை இல்லை. சிட்னிக்காரருக்குத் துருவ விண்மீன் இல்லை. ஆனால் இந்தக் கொடுப்பினையில் ஒரு சிக்கல். துருவ விண்மீன் வடக்கு அடிவானத்துக்கு மேலே 10 பாகை உயரத்தில்தான் நிற்கும். சித்திரை, வைகாசி இரவுகளில் தென்சிலுவை தெற்கே 20 பாகை அளவுக்கு எழும்பும். வெளிச்சக் கூடாரம் மிகத் தடிமனாக இருப்பது அடிவானத்தை ஒட்டித்தான். தெற்கே ஐம்பது, அறுபது கிலோமீட்டரில் மதுரை. தென்சிலுவை எழும் திசையில் மதுரையின் வெளிச்சம் நிற்கிறது. துருவ விண்மீன், தென்சிலுவை இரண்டையும் பார்க்கக் கிடைத்த ஊரில் முதலில் மறைவது அந்த இரண்டு ஓரங்களும்தான்.

வானம் மட்டும் என்றால் ஏதோ விண்மீன் ஆர்வலர்களின் கவலை என்று விட்டுவிடலாம். இருட்டை நம்பிப் பிழைக்கும் உயிர்களும் இருக்கின்றன. அய்யலூரைத் தாண்டி வடக்கே கரூர் மாவட்டத்துக் கடவூர் வரை பரந்த மலைக்காடுகளில் 11,806 ஹெக்டேரை 2022 அக்டோபரில் தமிழக அரசு கடவூர் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தது. தேவாங்குக்கென்று இந்தியாவில் அமைந்த முதல் சரணாலயம் அது. உள்ளங்கையில் அடங்கும் உடம்பு, முகத்தில் பாதியைப் பிடித்துக்கொண்ட கண்கள். உள்ளே நுழைந்த ஒளியை விழித்திரைக்குப் பின்னாலிருந்து திருப்பியடித்து இரண்டாம் முறை பயன்படுத்திக்கொள்ளும் பளபளப்பான படலம் அந்தக் கண்ணில் உண்டு. விண்மீன் வெளிச்சத்திலேயே கிளை கிளையாக நடந்து பூச்சி பிடித்துத் தின்னும். பயிரைத் தின்னும் பூச்சிகளும் அதில் அடக்கம் என்பதால் விவசாயிக்கு அது நண்பன். அதைக் கணக்கெடுக்கப் போகிறவர்கள் தலைவிளக்கில் சிவப்புத் தாளைச் சுற்றிக்கொண்டு நடப்பார்கள். வெள்ளை டார்ச்சுக்கு அது முகத்தைத் திருப்பிக்கொள்ளும்; சிவப்பில் அவ்வளவு மிரளாது, கண் மட்டும் மின்னிக் காட்டிக்கொடுக்கும்.

அது தின்னும் பூச்சிகளை நம் விளக்குகள் இழுக்கின்றன. மழை பெய்த மறுநாள் ஈசல் விளக்கைச் சுற்றிச் சாவதைப் பார்க்காதவர் இல்லை. ஏன் சுற்றுகின்றன என்பதற்கு 2024ல்தான் தெளிவான விடை கிடைத்தது. அதிவேகக் கேமராவில் பதிவு செய்து பார்த்தபோது, பறக்கும் பூச்சிகள் முதுகை விளக்குப் பக்கம் திருப்பிக்கொள்வது தெரிந்தது. கோடிக்கணக்கான ஆண்டுகளாக இரவில் பிரகாசமான பக்கம் என்றால் அது மேல்பக்கம். முதுகை வெளிச்சத்துக்குக் காட்டினால் நேராகப் பறக்கலாம் என்பது பூச்சியின் உடம்பில் ஊறிய விதி. விளக்கு பக்கவாட்டில் இருந்தால் அந்த விதியே அதை வட்டத்தில் மாட்டிவிடுகிறது. ஆசையால் விளக்கில் விழுவதாக நாம் காலங்காலமாகச் சொல்லிவந்தது தவறு. மேல்பக்கம் எது என்று தெரியாமல் பூச்சி தடுமாறுகிறது.

நிலக்கோட்டை மல்லிகையைப் பறிக்கும் பெண்கள் விடியுமுன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்குவார்கள். மொட்டு விரியும் முன் மார்க்கெட்டுக்குப் போக வேண்டும். பறிக்காமல் விட்ட மொட்டு இரவில் விரிந்து மணக்கும். இரவில் மலரும் வெள்ளைப் பூக்களின் நிறமும் மணமும் அந்துப்பூச்சிகளை அழைக்க உண்டானவை. மல்லிகையைப் பதியன் போட்டே வளர்ப்பதால் அதற்குப் பூச்சியின் உதவி தேவைப்படாது. காய்க்க வேண்டிய செடிகளுக்கு அப்படி அல்ல. ஸ்விட்சர்லாந்தின் புல்வெளிகளில் தெருவிளக்கு நிறுத்திப் பார்த்த ஆய்வு 2017ல் வெளியானது: இரவுப் பூச்சிகளின் வருகை 62 சதவீதம் குறைந்தது, அங்கு ஆராய்ந்த ஒரு செடியில் காய்ப்பு 13 சதவீதம் குறைந்தது. பகலில் வந்த பூச்சிகளால் அந்த நட்டத்தை ஈடுகட்ட முடியவில்லை.

இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி எழும். வேடசந்தூர்ப் பக்க மில்லில் இரண்டாம் ஷிப்ட் முடிந்து வரும் பெண் இருட்டிலா நடக்க வேண்டும்? கூடவே கூடாது. அவர் நடக்கும் பாதை தெளிவாகத் தெரிய வேண்டும், எதிரே வருபவரின் முகம் தெரிய வேண்டும். அதற்குத்தான் கூசாத விளக்கு வேண்டும் என்கிறோம். சாய்த்து மாட்டிய ஃபிளட் லைட் கண்ணில் நேராக அடிக்கும்போது கண்மணி சுருங்கிவிடுகிறது. விளக்குக்குப் பக்கத்து நிழலில் ஒருவர் நின்றால் தெரியாது. அதே விளக்கைக் கிடையாகத் திருப்பி, மேலே மூடி போட்டு, தரையை மட்டும் பார்க்க வைத்தால் குறைந்த வாட்ஸிலேயே பாதை நன்றாகத் தெரியும். முழுநிலா தருவது பெரும்பாலும் கால் லக்ஸ் வெளிச்சத்துக்கும் குறைவு. அதில் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் நடந்திருக்கிறார்கள். நம் தெருக்களுக்கு அதைப்போலப் பல மடங்கு தரலாம். வானத்துக்குத் தர வேண்டியதில்லை.

இனி மேலே இருக்கும் வெளிச்சம். 2019 மே மாதம் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் ஒரே ராக்கெட்டில் 60 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களை அனுப்பியது. இன்று அவை பல ஆயிரம். அவற்றுக்கு விளக்கு கிடையாது, சூரிய ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன. தரையில் இருட்டிய பிறகும் 550 கிலோமீட்டர் உயரத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். தலைக்கு மேல் போகும் அந்தக் கோள் பூமியின் நிழலுக்குள் நுழைய வேண்டுமானால் சூரியன் அடிவானத்துக்குக் கீழே சுமார் 23 பாகை இறங்க வேண்டும். திண்டுக்கல்லில் சூரியன் ஏறக்குறையச் செங்குத்தாக இறங்குவதால் ஒன்றரை மணி நேரத்தில் அது நடந்துவிடும். லண்டனில் ஜூன் மாதம் இரவு முழுக்க நடக்காது. நமக்கு இது ஒரு நல்வாய்ப்பு. ஆனால் 1,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஒன்வெப் கோள்கள் இங்கும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெயிலில் இருக்கும். அவற்றில் 72 கோள்களை 2022லும் 2023லும் ஏற்றிவிட்டது நம் இஸ்ரோவின் எல்.வி.எம். 3 ராக்கெட். ஆகவே இது யாரோ வெளிநாட்டார் செய்யும் வேலை என்று நாம் ஒதுங்க முடியாது. இப்படிப்பட்ட கோள்களின் பொலிவெண் 7க்கு மேல், அதாவது வெறுங்கண்ணுக்குத் தெரியாத அளவில் இருக்க வேண்டும் என்று சர்வதேச வானியல் ஒன்றியம் கேட்டுக்கொண்டிருக்கிறது. கேட்டுக்கொள்ளத்தான் முடிகிறது, கட்டாயப்படுத்தும் விதி இல்லை.

அணைத்தால் விலகும் மாசு என்று முன்பு சொன்னது விண்வெளிக்குப் பொருந்தாது. 2009 பிப்ரவரி 10 அன்று சைபீரியாவுக்கு மேலே சுமார் 790 கிலோமீட்டர் உயரத்தில் செயலிழந்த ரஷ்யக் கோள் ஒன்றும் இயங்கிக்கொண்டிருந்த இரிடியம் கோள் ஒன்றும் மோதிச் சிதறின. அந்தத் துண்டுகளில் பல இன்னும் சுற்றுகின்றன. அந்த உயரத்தில் காற்று மிகமிக மெலிது. இழுத்து இறக்கப் பல பத்தாண்டுகள் பிடிக்கும். திண்டுக்கல்லிலிருந்து சென்னைக்கு ஒரு நிமிடத்துக்குள் போய்ச் சேரும் வேகத்தில் அவை ஓடுகின்றன. இந்த இடத்தில் இஸ்ரோவைப் பாராட்ட வேண்டும். 2024 ஜனவரி 1 அன்று எக்ஸ்போசாட் கோளை 650 கிலோமீட்டர் உயரத்தில் விட்ட பிறகு, பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் நான்காம் நிலையை 350 கிலோமீட்டருக்கு இறக்கி, அதிலேயே சில சோதனைகளையும் நடத்தினார்கள். மார்ச் 21 அன்று அது பசிபிக் கடலுக்கு மேலே காற்றில் எரிந்து முடிந்தது. 2030க்குள் இந்தியாவின் எல்லா விண்வெளிப் பயணங்களும் குப்பை விடாதவையாக இருக்க வேண்டும் என்பது இஸ்ரோ அறிவித்துள்ள இலக்கு.

தரையிலும் முன்மாதிரிகள் உண்டு. லடாக்கின் ஹன்லேயில் வானாய்வகத்தைச் சுற்றி 1,073 சதுர கிலோமீட்டர் 2022ல் இருண்ட வான் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. கிராமத்தார் சன்னலுக்குக் கனத்த திரை போட்டார்கள். அவர்களில் இருபத்து நான்கு பேர் தொலைநோக்கியோடு வானத்தைக் காட்டும் வழிகாட்டிகளாகி அதில் வருமானமும் பார்க்கிறார்கள். மகாராஷ்டிரத்தின் பெஞ்ச் புலிகள் காப்பகம் 2024 ஜனவரியில் நாட்டின் முதல் இருண்ட வான் பூங்காவானது. நாமக்கல் மாவட்டக் கொல்லிமலையில் அப்படியொரு பூங்கா அமைப்பதாகத் தமிழக அரசும் அறிவித்திருக்கிறது. மலைகளைக் காப்பது நல்லதுதான். ஆனால் மலையின் வானத்தை வெளுக்கச் செய்வது கீழே சமவெளியில் எரியும் விளக்கு. சமவெளி ஊர்கள் மாறாமல் மலையை மட்டும் இருட்டாக வைத்துக்கொள்ள முடியாது. பிரான்ஸ் இதைப் புரிந்துகொண்டு 2018 டிசம்பரில் ஆணை போட்டது: கடைச் சன்னல் விளக்குகள் பொதுவாக இரவு 1 மணிக்குள்ளும், அலுவலக விளக்குகள் வேலை முடிந்த ஒரு மணி நேரத்துக்குள்ளும் அணைய வேண்டும், தெருவிளக்கின் நிறம் 3000 கெல்வினைத் தாண்டக் கூடாது. இந்தியாவில் ஒளி மாசுக்கென்று தனிச் சட்டம் இல்லை.

சட்டம் வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. பல்பு வாங்கும்போது பெட்டியின் பக்கவாட்டில் ஓர் எண் இருக்கும். 6500 கே, அதாவது கெல்வின், என்றால் நீலம் தூக்கலான வெள்ளை. கடைக்காரர் கூல் டேலைட் என்பார். வாசலுக்கும் தோட்டத்துக்கும் 3000 கே, வார்ம் ஒயிட் என்று கேட்டு வாங்குங்கள். விலை ஏறக்குறைய ஒன்றுதான். தகரத்தில் ஒரு மூடி அடித்து மாட்டுங்கள். கடை அடைத்த பிறகு பெயர்ப் பலகைக்கு விளக்கு வேண்டாம். கிராமத்தில் இருப்பவர்கள் ஜனவரி 26 கிராம சபையில், மாநகராட்சியில் இருப்பவர்கள் வார்டு கவுன்சிலரிடம், ஒரு கோரிக்கையை எழுதிக் கொடுங்கள்: இனி மாற்றும் தெருவிளக்கு ஒவ்வொன்றும் தரையை மட்டும் பார்க்க வேண்டும், 3000 கெல்வினுக்கு மிகக் கூடாது, நள்ளிரவுக்குப் பின் ஆள் நடமாட்டம் இல்லாத சாலையில் பாதியாகக் குறைய வேண்டும். எழுத்தில் கொடுங்கள், தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.